பல்கலைக்கழக வளாகத்தில் மாநாடும் விருந்தும் நடத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மாநாட்டுக்கு வந்து போனவர்களிடம் சில மாதம் கழித்து என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் நேரத்தில் யாரிடம் பேசினோம், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள். உரையைப் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம், அந்தச் சந்திப்புகள் திரும்பக் கிடைக்காது. அதனால் மாநாட்டைத் திட்டமிடும்போது இடைவேளையிலும் உணவிலும் தொடங்கி, உரைகளை அவற்றைச் சுற்றி அடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பல்கலைக்கழகத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. அது வகுப்பு எடுப்பதற்காகக் கட்டிய இடம். நானூறு பேர் உட்கார அரங்கம் இருக்கும், அதே நானூறு பேர் வெளியே வந்து கோப்பையோடு நிற்க இடம் இருக்காது. ஓட்டலில் அரங்கம், சமையலறை, அறை எல்லாவற்றுக்கும் ஒரே மேலாளர் பொறுப்பு. இங்கே அரங்கம் கால அட்டவணைப் பிரிவிடம் இருக்கும், உணவு வேறொரு பிரிவிடம், புரொஜெக்டர் இன்னொருவரிடம், விடுதி வார்டனிடம், வாசல் பாதுகாப்புப் பிரிவிடம். இவர்கள் எல்லாரும் தினமும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த இணைப்பைச் செய்வதுதான் உங்கள் வேலையில் பெரும் பகுதி.

1. முதலில் கல்வி நாட்காட்டி

தேதியை முடிவு செய்துவிட்டு இடம் தேடுவது வழக்கம். பல்கலைக்கழகத்தில் அந்த வரிசையை மாற்றுங்கள். கல்வி நாட்காட்டியை வாங்கி, தேர்வு வாரங்கள், பட்டமளிப்பு விழா, மாணவர் சேர்க்கை நாட்கள் ஆகியவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றில்தான் உங்களுக்கு இடம்.

விடுமுறைக் காலம்தான் நல்லது என்று தோன்றும். அரங்கங்கள் காலியாக இருக்கும், விடுதி அறைகளும் கிடைக்கும். ஆனால் கட்டடப் பராமரிப்பு வேலைகளையும் அதே விடுமுறைக்குத்தான் ஒதுக்கி வைப்பார்கள். அரங்கத்துக்குப் பக்கத்துச் சுவரில் துளையிடும் சத்தம், மூடிக் கிடக்கும் கேன்டீன், விடுப்பில் போன தொழில்நுட்பப் பணியாளர் எல்லாம் சேர்ந்து வரும். "அந்த வாரத்தில் இந்தக் கட்டடத்திலும் சுற்றிலும் வேறு என்ன நடக்கப்போகிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

பாடம் நடக்கும் காலத்தில் வேறொரு சிக்கல். வகுப்புகளின் கால அட்டவணை உறுதியாகும் வரை அரங்கத்தைத் தற்காலிகமாகத்தான் ஒதுக்குவார்கள். தற்காலிக ஒதுக்கீட்டை நம்பி அழைப்பிதழ் அனுப்பக் கூடாது. சில நூறு பேர் வரும் பன்னாட்டு மாநாடு என்றால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தேதி உறுதியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு விசா அழைப்புக் கடிதம் அனுப்புவதற்கே பல மாத அவகாசம் தேவைப்படும். ஒருநாள் பயிலரங்குக்கு மூன்று, நான்கு மாதம் போதும்.

2. உள்ளே ஒரு பொறுப்பாளர்

நீங்கள் வெளியாளாக இருந்தால், உங்களை ஏற்று நடத்தும் துறை ஒன்று உள்ளே வேண்டும். பல இடங்களில் உள் துறைகளுக்கு ஒரு வாடகை, வெளி அமைப்புகளுக்கு வேறு வாடகை. துறையோடு இணைந்து நடத்தினால் எந்த வாடகை பொருந்தும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. உங்களோடு ஆர்வமாகப் பேசும் பேராசிரியருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒப்பந்தம் போடும் அதிகாரம் இருக்காது. பதிவாளர் அலுவலகமோ நிதிப் பிரிவோ கையெழுத்திட வேண்டியிருக்கும், அதற்கு வாரங்கள் ஆகலாம். பதிவுக் கட்டணம் எந்தக் கணக்கில் சேரும், வரி யார் கட்டுவது, நிர்வாகக் கட்டணம் என்று ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் பிடிக்குமா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். மாநாட்டு அலுவலகம் தனியாக இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் எல்லாவற்றையும் அவர்கள் வழியாகவே செய்யுங்கள். அவர்களைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போன் செய்தால் வேலை சீக்கிரம் முடியும்போல இருக்கும், கடைசியில் இரண்டு விதமான ஆர்டர் நிற்கும்.

3. அரங்கத்தை அதன் முன்கூடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

இடம் பார்க்கப் போனால் எல்லாரும் முதலில் மேடையையும் திரையையும் காட்டுவார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முன்கூடத்தைப் பாருங்கள். உணவு மேசை எங்கே வரும், வரிசை எந்தப் பக்கம் வளரும், சாப்பிட்டவர்கள் எங்கே நிற்பார்கள், பதிவு மேசைக் கூட்டம் இதோடு மோதுமா? இந்தக் கேள்விகளுக்கு அங்கே பதில் இல்லை என்றால் வேறு அரங்கம் பாருங்கள், அல்லது உணவுக்குத் தனி இடம் கேளுங்கள்.

கொள்ளளவுக் கணக்கில் கவனம். நாற்காலிகளை வரிசையாகப் போட ஒருவருக்குச் சுமார் 1 சதுர மீட்டர் தேவை. வட்ட மேசை விருந்துக்கு 1.2 முதல் 1.5 சதுர மீட்டர் வரை ஆகும். வரிசையில் 200 பேர் உட்காரும் சமதள ஹாலில் மேசை போட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர்தான் வசதியாக உட்காரலாம், மேடையும் பரிமாறும் மேசையும் போட்டால் அதுவும் குறையும். 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்ட மேசைக்கு 8 பேர், 1.8 மீட்டருக்கு 10 பேர் என்று கணக்கிடுங்கள். தீயணைப்பு அனுமதிப்படி எத்தனை பேர் என்பது தனி எண். அதை மீறி ஒரு நாற்காலி கூடப் போடக் கூடாது.

படிப்படியாக உயரும் விரிவுரை அரங்கில் இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டவை. உரைக்கு அது அருமையான இடம், குழு விவாதத்துக்கு உதவாது. அங்கே சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே இருப்பார் என்று பாருங்கள். பல அரங்குகளில் அவர்களுக்கு மேல் வரிசையிலோ கீழ் வரிசையிலோ மட்டும்தான் இடம். பேச்சாளரே சக்கர நாற்காலியில் வந்தால் மேடைக்கு எப்படி ஏறுவார்? சாய்தளத்துக்கு 1:12 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விகிதம். மேடை 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதை விழா நாள் காலையில் ஏற்பாடு செய்ய முடியாது. காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கான ஒலி வளைய வசதி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். சுவரில் அதற்கான குறியீடு இருப்பது மட்டும் போதாது.

ஒரே நேரத்தில் நடக்கும் இணை அமர்வுகள் வேறு கட்டடத்தில் நடந்தால், மெதுவாக நடப்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அந்த நேரத்தை நிரலில் எழுதுங்கள். கழிப்பறைகள், பாலூட்டும் தாய்மார்களுக்கான அறை, அமைதி அறை ஆகியவற்றையும் அதே நடையில் குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மின்சாரம். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். ஒரு 3 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மூன்றை ஒரே இணைப்பில் சொருகினால் ஃபியூஸ் போகும், அதே இணைப்பில் ஒலிக்கருவி இருந்தால் பேச்சாளரின் மைக்கும் போகும். எந்தப் பிளக் எந்த இணைப்பில் இருக்கிறது என்று வளாக மின்பணியாளரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பணம்

செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை: அரங்க வாடகை, தொழில்நுட்பம், சிறப்புப் பேச்சாளர்களின் பயணம். தலைக்குத் தலை கூடுபவை: உணவு, பேட்ஜ், பை. மாறாச் செலவு 6000 அலகு, தலைக்கு 30 அலகு, பதிவுக் கட்டணம் 80 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் 50 மிஞ்சுகிறது, 120 பேர் வந்தால் கணக்கு நேராகும்.

இந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். பேச்சாளர்கள், தன்னார்வலர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் எல்லாரும் சாப்பிடுவார்கள், யாரும் கட்டணம் கட்ட மாட்டார்கள். அப்படி 20 பேர் என்றால் 600 அலகு கூடும், தேவைப்படும் எண்ணிக்கை 132 ஆகிவிடும். எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் ஒரு பத்து சதவீதம் ஒதுக்குங்கள். ஸ்பான்சர் பணம் கைக்கு வரும்வரை வரவில் சேர்க்காதீர்கள்.

5. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். முக்கியமாக இவை: எந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், உணவுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டா, இறுதி எண்ணிக்கையை எப்போது தர வேண்டும், நேரம் தாண்டினால் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் யார் கொடுப்பது, சுத்தம் செய்யும் செலவு வாடகைக்குள் அடங்குமா. பொதுப் பொறுப்புக் காப்பீடு உங்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒதுக்கிய அரங்கத்தைப் பல்கலைக்கழகம் மாற்ற நேர்ந்தால், அதே கொள்ளளவும் முன்கூடமும் உள்ள இடத்தைத் தர வேண்டும்.

வெளியிலிருந்து கேட்டரரை அழைத்து வரலாமா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பல வளாகங்களில் உணவு உரிமை ஒரே நிறுவனத்திடம் இருக்கும். மது பரிமாறுவதாக இருந்தால் உரிமம் யார் பெயரில், எந்த இடத்தில், எத்தனை மணிவரை என்பது எழுத்தில் வேண்டும்.

6. இடைவேளையைச் சுற்றி நிரல்

வெற்றுத்தாளில் முதலில் உணவு நேரங்களை எழுதுங்கள். காலை, மாலை இடைவேளை ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இருபது நிமிடம் என்றால் வரிசையில் நிற்பதற்கே சரியாகிவிடும், பேச நேரம் இருக்காது. மதிய உணவுக்கு 75 முதல் 90 நிமிடம். பிறகு நடுவில் உள்ள கட்டங்களில் உரைகளை வையுங்கள்.

ஒவ்வொரு உரைக்கும் 20 நிமிடம் என்றால் 15 பேச, 5 கேள்விக்கு. அமர்வுத் தலைவருக்கு நேர அட்டைகள் கொடுத்து, நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் கொடுங்கள். ஓர் அமர்வு பதினைந்து நிமிடம் நீண்டால் அந்த இழப்பு இடைவேளையின் தலையில்தான் விழும், சமையலறையில் சூடாக எடுத்து வைத்ததும் ஆறிப்போகும்.

ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் காட்டும் போஸ்டர் அமர்வை உணவு இடத்துக்கு அருகே வைத்தால் கூட்டம் தானே சேரும். ஏ0 தாள் 84.1 × 118.9 செ.மீ. பலகை நெட்டுவாக்கா கிடைவாக்கா, குண்டூசியா ஒட்டுப்பட்டையா என்பதைப் போஸ்டர் அச்சிடும் முன்பே ஆய்வாளர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

7. உணவு

பதிவுப் படிவத்தில் "சிறப்பு உணவுத் தேவை?" என்று ஒரு காலிப் பெட்டி மட்டும் வைத்தால், பிடிக்காத காய்கறி முதல் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரை எல்லாம் ஒரே பட்டியலில் வந்து குவியும். மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: உணவு முறை (சைவம், முழுத் தாவர உணவு போன்றவை), சமய நெறிப்படி தவிர்ப்பவை, மருத்துவக் காரணத்தால் தவிர்ப்பவை. மூன்றாவதில் பெயர் கொடுத்தவர்களைத் தனித்தனியாகத் தொடர்புகொண்டு, அந்தத் தகவலைச் சமையலறைப் பொறுப்பாளரிடம் நேரில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வாமைப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 14 பொருட்களைக் குறிப்பிடுகின்றன. அமெரிக்கச் சட்டத்தில் 9 இருக்கின்றன, ஒன்பதாவதாக எள் 2023இல் சேர்ந்தது. எந்த நாட்டில் நடத்தினாலும் அந்த நாட்டுப் பட்டியலைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் பெயரும் உட்பொருளும் எழுதிய அட்டை நிற்க வேண்டும். தனி உணவு கேட்டவருக்கு உரியதை மூடி, பெயர் எழுதித் தனியே வையுங்கள். பொது வரிசையில் வைத்தால் மற்றவர்கள் எடுத்துத் தீர்த்துவிடுவார்கள், அதை நம்பி வந்தவருக்கு எதுவும் மிஞ்சாது.

இப்போது வரிசைக் கணக்கு. ஒருவர் பஃபேயில் தட்டை நிரப்பி நகர 20 விநாடி ஆகிறது என்று கொள்ளுங்கள். 300 பேர் ஒரே வரிசையில் போனால் 6000 விநாடி, அதாவது 100 நிமிடம். கடைசி ஆள் தட்டை எடுக்கும்போது பிற்பகல் அமர்வு தொடங்கியிருக்கும். மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு இரு பக்கமும் எடுக்க விடுங்கள், அப்படி இரண்டு மேசை போடுங்கள். நான்கு வரிசை ஆகிவிடும், 25 நிமிடத்தில் எல்லாரும் தட்டோடு இருப்பார்கள். உணவின் அளவு ஒரு துளியும் கூடவில்லை, செலவும் அதிகம் மாறவில்லை. முழு மாநாட்டிலும் இதைவிடப் பலன் தரும் முடிவு வேறு இல்லை என்றே சொல்வேன். குடிநீரையும் பானங்களையும் உணவு மேசையிலிருந்து விலக்கி வேறு மூலையில் வையுங்கள், இல்லையென்றால் வரிசையின் வாயில் இன்னொரு கூட்டம் அடைத்துக்கொள்ளும்.

தேநீருக்கும் கணக்கு உண்டு. 200 மி.லி. கோப்பை என்றால் 20 லிட்டர் கொதிகலன் 100 கோப்பை தரும். 3 கிலோவாட் கருவியில் அந்த 20 லிட்டர் கொதிநிலையை நெருங்க 35 முதல் 40 நிமிடம் ஆகும். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு சுவிட்சைப் போட்டால் வெதுவெதுப்பான நீர்தான் கிடைக்கும்.

உணவுப் பாதுகாப்பில் எனக்குச் சமரசம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து அடிப்படை நெறிகளில் வெப்பநிலைக்குப் பெரிய இடம் உண்டு. சூடாகப் பரிமாறுவது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிரூட்டியது 5 டிகிரிக்குக் கீழ். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சமையலறை ஒரு கட்டடத்திலும் பரிமாறும் இடம் இன்னொன்றிலும் இருக்கும் வளாகத்தில் இந்த விதி எளிதில் மீறப்படும். கொண்டுவரும் வழியில் எத்தனை நேரம், எந்தப் பெட்டியில், எந்த லிஃப்டில் என்று கேட்டரரிடம் விவரமாகக் கேளுங்கள். வெப்பமானி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல கேட்டரர் அந்தக் கேள்வியை மதிப்பார். பாத்திரத்துக்கு அடியில் எரியும் சுடர் பயன்படுத்துவதாக இருந்தால், வளாகத் தீத்தடுப்புப் பிரிவின் அனுமதியும் தேவைப்படலாம்.

எண்ணிக்கையை உறுதிசெய்யும் நாள் பொதுவாக ஒரு வாரம் முன்பு வரும். இலவச நிகழ்ச்சியில் பதிவு செய்தவர்களில் கணிசமானோர் வர மாட்டார்கள், கட்டணம் கட்டியவர்கள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். முதல் நாள் மதியம்தான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். கடைசி நாள் பிற்பகலில் பலர் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல், வேளைக்கு வேளை தனி எண்ணைக் கொடுங்கள். வீணாவதைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை. மிஞ்சியதை யாருக்குக் கொடுக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்பதையும் முன்பே பேசிவைத்தால், நல்ல உணவு குப்பைக்குப் போகாது.

மாலை விருந்துக்கு ஒரு யோசனை. உரைகளை உணவுக்கு முன்போ உணவின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவிலோ வையுங்கள், மொத்தம் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பரிமாறுபவர்கள் எப்போது உள்ளே வரலாம் என்பதற்கு உங்கள் குழுவில் ஒருவர் மட்டும் சைகை தரட்டும்.

8. ஒலி, திரை, இணையம்

எல்லாப் பேச்சாளர்களும் 16:9 விகிதத்தில் ஸ்லைடு தரட்டும். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி இணைப்பு மாற்றிகள் இரண்டிரண்டு மேடையிலேயே இருக்கட்டும். கேள்வி கேட்பவர்களுக்குக் கையில் பிடிக்கும் மைக் குறைந்தது இரண்டு வேண்டும். "எனக்குக் குரல் வலுவாக இருக்கிறது, மைக் வேண்டாம்" என்பவரிடமும் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். காது மந்தமானவர்களும் இணையவழியில் பார்ப்பவர்களும் மைக்கை நம்பித்தான் இருக்கிறார்கள்.

வைஃபை விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தொடங்கிய எடுரோம் சேவை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்களிலிருந்து வருபவர்கள் தங்கள் சொந்தக் கடவுச்சொல்லாலேயே இணைந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு விருந்தினர் கணக்குகளை முன்பே கேட்டு வாங்குங்கள். உரைகளைக் காணொளியாகப் பதிவு செய்வதாக இருந்தால் பேச்சாளர்களின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

9. விடுதி அறைகள்

மாணவர் விடுதியில் தங்க வைத்தால் செலவு குறையும், வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் மாலை உரையாடல்களும் நீளும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: பொதுக் குளியலறையா, லிஃப்ட் உண்டா, போர்வை, துண்டு தருவார்களா, நள்ளிரவில் வருபவருக்குச் சாவி யார் கொடுப்பார்? வயதானவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் அருகில் வேறு தங்குமிடம் பார்த்து வையுங்கள்.

10. கடைசி இரண்டு வாரம்

ஒரு ஓட்டத்தாள் தயாரியுங்கள். நேரம், இடம், வேலை, பொறுப்பாளர், கைபேசி எண் என்று ஐந்து நெடுவரிசை போதும். "9.45 – கொதிகலன் சுவிட்ச்", "10.20 – முன்கூடத்தில் கோப்பைகள்" என்ற அளவுக்கு நுணுக்கமாக இருக்கட்டும். அதன் நகல் காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் இருக்க வேண்டும். எந்தக் கதவு எப்போது பூட்டப்படும் என்பதை அவர்கள்தான் அறிவார்கள், நிகழ்ச்சி உண்மையில் அவர்களால்தான் ஓடுகிறது.

கட்டடப் பெயர்கள் வளாகத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வாசலிலிருந்து அரங்கம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்டி அட்டை வையுங்கள். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், முதலுதவிப் பெட்டியும் இதயத் துடிப்பு மீட்புக் கருவியும் எங்கே இருக்கின்றன என்பது எல்லாத் தன்னார்வலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேட்ஜில் பெயரை இரு பக்கமும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், அது எப்படியும் திரும்பிக்கொள்ளும்.

முந்தைய நாள் தொழில்நுட்பப் பணியாளரோடு முழு ஒத்திகை பாருங்கள். ஒரு ஸ்லைடு, ஒரு காணொளி, ஒவ்வொரு மைக், இணையவழிப் பேச்சாளர் ஒருவர் என எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

11. முடிந்த பிறகு

முதல் வேலை பில் சரிபார்ப்பு. கேட்டரர் எத்தனை பேருக்குக் கணக்கிட்டிருக்கிறார், நீங்கள் உறுதிசெய்த எண் எது, கூடுதல் நேரம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேதம் என்று எதையாவது சொன்னால், நீங்கள் அரங்கத்தை ஒப்படைத்தபோது எடுத்த படங்கள் உதவும். பேச்சாளர்களின் பயணச் செலவை இழுத்தடிக்காமல் திருப்பிக் கொடுங்கள், சொந்தப் பணத்தில் வந்த இளம் ஆய்வாளர்களுக்கு முதலில் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது, எந்த வரிசை நீண்டது என்பதை அதே வாரத்தில் எழுதி, ஓட்டத்தாள், மின்சார வரைபடம், தொடர்பு எண்களோடு ஒரே கோப்பில் போட்டு, அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.